சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்

எங்கள் ஆயா எந்த வீட்டு விசேஷத்துக்கும் விசேஷத்தன்று போனதில்லை. கல்யாணமோ, காதுகுத்தோ, சீமந்தமோ, எதுவானாலும் அது முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, அந்த வீடு பழையபடி வீடான பிறகுதான் அவள் ஓரிக்கையிலிருந்து புறப்படுவாள். ஆரணிக்கு அத்தை வீடு. பெரம்பூருக்குச் சித்தப்பா வீடு. கையில் ஒரு கூடை, இடுப்பில் சுருக்குப் பை, துணைக்கு யாரும் கிடையாது. போய் இறங்கியதும் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அப்போது எங்கள் வீட்டில் இரண்டு தறி. வீடு என்றாலும் பாதி வீடு தறிகளுக்கு, மீதியில் நாங்கள். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு மிதித்து நெய்கிற குழித்தறி. கோர்வைச் சேலைக்கு ஒருவர் உட்கார்ந்தால் போதாது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று மூன்று நாடா ஓடும். அதில் ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள, நெய்கிறவரை ஒட்டி இன்னொரு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் இழைக்கு இழை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுதான் கோர்வை. கூட உட்கார்ந்திருப்பவன் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் தறி நின்றுவிடும். அப்பா நெய்வார், பெரியண்ணன் கரை தள்ளுவான். இன்னொரு தறியில் கூலிக்கு வருகிற ஒருவரும் அவர் பிள்ளையும்.

ஒரு பாவில் மூன்று சேலை. பாவு தறியில் ஏறிவிட்டால் மூன்றையும் அறுத்து இறக்கும்வரை அப்பாவுக்கு ஊரும் கிடையாது, உறவும் கிடையாது. முதலாளியிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது. தை முகூர்த்தத்துக்குச் சேலை போயாக வேண்டும். அம்மாவுக்குச் சமையல் போக மிச்ச நேரமெல்லாம் தார் சுற்றுவதில் போகும். கர்நாடகத்திலிருந்து பட்டு வந்தது, சூரத்திலிருந்து சரிகை வந்தது. எங்கெங்கிருந்தோ எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. எங்கள் வீட்டு மனிதர்கள்தான் எங்கேயும் போக முடியாமல் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

ஆயாவும் ஒரு காலத்தில் அப்படிக் கிடந்தவள்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ராட்டையும் தாரும்தான். பாவு பிணைப்பதில் அவள் கை பேர்போன கை என்பார்கள். பழைய பாவின் முனையில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குகிற வேலை அது; ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று தப்பினாலும் சேலையில் கோடு விழும். தாத்தா போனார். சில வருடங்களில் ஆயாவின் கண்ணும் மங்கியது. இழை தெரியவில்லை என்று அவள் சொன்ன அன்றோடு தறி அவளுக்கு விடுப்புக் கொடுத்துவிட்டது. வீட்டில் தறிக்குத் தேவைப்படாத பெரிய ஆள் அவள் ஒருத்திதான். ஆகவே ஊர்ப் பயணமெல்லாம் அவள் தலையில் விழுந்தது. அவள் அதைச் சுமையாக நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அன்று செய்தி போய்வர இரண்டே வழி. ஒன்று உள்நாட்டுக் கடிதம். அதில் அப்பா “இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரும் நலமா” என்று எழுதுவார். அதே வாக்கியம் அத்தை கையெழுத்தில் திரும்பி வரும். இன்னொன்று தந்தி. தந்தி என்றால் சாவு. தபால்காரர் வழக்கமில்லாத நேரத்தில் சைக்கிளை நிறுத்தினால், பிரித்துப் படிக்கும் முன்பே தெருவில் யாராவது அழத் தொடங்கிவிடுவார்கள். 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தியபோது பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. எங்கள் தெருவில் அதற்காக வருத்தப்பட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். கடிதத்தில் எழுத முடியாததும் தந்தி அளவுக்குப் போகாததும் ஒரு குடும்பத்தில் நிறைய இருக்கும். அதையெல்லாம் தெரிந்துகொள்ள ஆயா பஸ் ஏறுவாள்.

எப்போதும் முதல் பஸ்தான். ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு இருட்டோடு நடந்துவிடுவாள். “வெளுத்துதுன்னா தெருவுல பாவு நீட்டிடுவாங்க, அதுக்குள்ள தாண்டிடணும்” என்று காரணம் சொல்வாள். பொய்யில்லை. கிழக்கு வெளுத்ததும் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட ஆரம்பித்துவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் காய வேண்டும். அந்த நேரத்தில் நடுத்தெருவில் நடக்க இடம் இருக்காது. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் அது பாதிக் காரணம். மீதியை ஒரு காலையில் நானே பார்த்தேன். அன்று எதனாலோ ஆயா புறப்படத் தாமதமாகிவிட்டது. அவள் கூடையோடு படியிறங்கவும், எதிர் வீட்டுக்காரர் நெய்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குக் கிளம்பவும் சரியாக இருந்தது. ஆயாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போனார். ஒரு வாய் தண்ணீர் குடித்து, திண்ணையில் சற்று உட்கார்ந்து, மறுபடி கிளம்பினார். அதற்குள் ஆயா எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். சைக்கிள் தெருமுனை திரும்பிய பிறகு அவள் மறுபடி இறங்கினாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆயாவின் கையால் மருந்து வாங்கிக் குடித்து வளர்ந்தவர். தாலியறுத்தவள் எதிரே வந்தால் காரியம் கெடும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் விசேஷ நாட்களில் அவள் போகாதது. போனால் யாரும் வெளியே போ என்று சொல்லப் போவதில்லை. ஆனால் சீர்த்தட்டைத் தொடக் கூடாது, மணவறைப் பக்கம் நிற்கக் கூடாது, சமையற்கட்டு மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கலாம். “அங்க போயி மூலையில ஒக்கார்றதுக்கு இங்கயே ஒக்காந்துக்கலாம்” என்பாள். மற்ற நாட்களில் போனால் அந்த வீட்டில் அவளுக்கு மூலை கிடையாது. நடு வீட்டில் பாய் போடுவார்கள்.

துணைக்கு ஆள் கூட்டிப் போவது அவள் வழக்கமில்லை. ஒரே ஒரு கோடை விடுமுறையில் என்ன தோன்றியதோ, “நீ வர்றியா கண்ணு?” என்றாள். நான் நாலாவது படித்தேனோ ஐந்தாவது படித்தேனோ, அரை டிக்கெட் வயசு. அன்றுதான் எனக்கு இன்னொரு ஆயாவைத் தெரிந்தது.

வீட்டில் அவள் அதிகம் பேச மாட்டாள். தறிச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. பஸ்ஸில் ஏறியதும் வாய் திறந்தவள் ஆரணி வரை மூடவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் சாக்கு விரித்திருப்பார்கள். சூடு தாங்கக்கூடியவர்கள் அதில் உட்காரலாம். ஆயாவுக்கு அங்கேதான் பிடிக்கும், ரோடு முழுக்கத் தெரியும் என்பாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் எந்த ஊர், யார் வீடு, எத்தனை பிள்ளைகள், மாமியார் எப்படி என்று பாலம் வருவதற்குள் விசாரித்துவிட்டாள். அந்தப் பெண்ணின் கைக்குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஊரில் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால் எட்ட நின்று பார்த்துவிட்டு வருகிறவள்! பஸ்ஸில் அவளை யாருக்கும் தெரியாது. வெள்ளைச் சேலை கட்டிய ஏதோ ஒரு பாட்டி, அவ்வளவுதான்.

செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலம் வந்ததும் சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு காசை எடுத்து ஜன்னல் வழியாக ஆற்றில் போட்டாள். ஆற்றில் மணல்தான் இருந்தது. அங்கங்கே ஊற்றுத் தோண்டி ஆட்கள் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள்.

“தண்ணியே இல்லியே ஆயா?”

“தண்ணி இல்லன்னா ஆறு இல்லன்னு ஆயிடுமா? அது அடியில ஓடுது.”

கண்டக்டர் சிரித்துவிட்டார். தூசியைத் தாண்டும்போது மாமண்டூர் குன்றைக் காட்டி, “அதுல பாறையக் கொடஞ்சி கோயில் கட்டியிருக்காங்க” என்றாள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைகள் அவை என்பது நான் பெரியவளாகிப் படித்துத் தெரிந்துகொண்டது. செய்யாற்றில் பஸ் நின்றபோது, இந்த ஊர்க் கோயிலில்தான் சம்பந்தர் பாடி ஆண் பனையெல்லாம் குலை தள்ளியது என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வழியில் உள்ள ஊரெல்லாம் கதையாகவே அவள் மனசில் இருந்தது. எந்தப் பஸ்ஸில் ஏறும் முன்பும் மூன்று பேரிடம் கேட்பாள். இரண்டு பேர் ஒரே பதில் சொன்னால்தான் ஏறுவாள். “ஒருத்தன் தெரியாமச் சொல்லுவான், ஒருத்தன் வெளையாட்டுக்குச் சொல்லுவான். ரெண்டு பேரு சேந்து பொய் சொல்ல மாட்டாங்க.”

ஆரணியில் அத்தை வீடும் தறி வீடுதான். ஆரணிச் சேலை காஞ்சிபுரத்துச் சேலையைவிட எடை குறைவு, விலையும் குறைவு. இன்று இரண்டு ஊர்ப் பட்டுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அன்று ஆயா தறியில் இருந்த சேலையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, “எங்க ஊரு மாதிரி கனமில்ல” என்று மருமகனைச் சீண்டுவாள். மாமா சிரிப்பார்.

எங்களைப் பார்த்ததும் அத்தை முகத்தில் சந்தோஷமும் பதற்றமும் சேர்ந்து வந்தன. சொல்லாமல் வந்துவிட்டோமே! “ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா” என்றாள். ஆயா அதற்குப் பதில் சொல்லாமல் கூடையைப் பிரித்தாள். எங்கள் தோட்டத்து முருங்கைக்காய், கொஞ்சம் எள்ளடை, அத்தையின் கடைசிக் குழந்தைக்குப் பாவில் மிஞ்சிய பட்டு நூலில் அவளே திரித்த சிவப்பு அரைஞாண். பிறகு, குடிக்கத் தண்ணீர் எடுக்கிற மாதிரி அடுப்படிக்குள் போனாள். பின்னாலேயே போன நான் பார்த்தேன். அரிசிப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடினாள். உறி, எண்ணெய்க் கிண்ணம், அத்தையின் மூக்குத்தி, பிள்ளைகளின் கணுக்கால் எல்லாவற்றின் மேலும் அவள் கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எதைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஓரிக்கை திரும்பிய இரவு, தறியை விட்டு எழுந்த அப்பா கால் கழுவிக்கொண்டே, “எப்படி இருக்காங்க?” என்றார்.

“அரிசிப் பானை பாதிதான் இருக்கு. மூக்குத்தி எடத்துல வேப்பங்குச்சி இருக்கு.”

வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அப்பா முதலாளியிடம் கூடுதலாக முன்பணம் கேட்டு வாங்கி ஆரணிக்கு மணியார்டர் அனுப்பினார். அத்தை தீபாவளிக்கு வந்தபோது மூக்குத்தியோடு வந்தாள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பண்டிகை நாளில் எல்லார் வீட்டுப் பானையும் நிறைந்துதான் இருக்கும். கடன் வாங்கியாவது நிரப்பிவிடுவார்கள். பானையின் உண்மை தெரிய வேண்டுமென்றால், எதுவும் இல்லாத ஒரு நாளில், சொல்லாமல் போக வேண்டும். ஆயாவின் பயணங்களுக்கு இருந்த அர்த்தம் அதுதான் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

ஔவையார் கதையும் இதுதானே. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவளுக்கு அவன் தன் ஆயுதச் சாலையைத் திறந்து காட்டினான். மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று வைத்திருந்த வேல்களைப் பார்த்துவிட்டு, அதியமான் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் அவள். புகழ்வது போலவே தொண்டைமான் போர் பார்க்காதவன் என்று சொல்லிவிட்டாள். புறநானூற்றில் இருக்கிறது. அலங்கரித்து வைத்ததைப் பார்த்து ஏமாறாத கண் அது.

தூது போன சங்க கால ஔவை வேறு, பிள்ளையாரிடம் வரம் கேட்ட கதையில் வரும் ஔவை வேறு என்பார்கள் படித்தவர்கள். எங்கள் ஆயாவுக்கு ஒரே ஔவைதான். அவள் முகம் கே.பி. சுந்தராம்பாளின் முகம். 1953-ல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படத்தை ஆயா பார்த்திருக்கிறாள். கல்யாணம் வேண்டாம், என்னைக் கிழவியாக்கிவிடு என்று இளம்பெண் பிள்ளையாரிடம் வேண்டுகிற கட்டத்தை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். கூடவே எங்கள் ஊர்க் கதையையும் சொல்வாள், அதில் வருவது நேர் எதிரான கிழவி.

“ஆழ்வாரு குடிச ஒண்ணு இருந்துதில்ல, திருமழிசை ஆழ்வாரு, அதைத் தெனம் பெருக்கி மெழுவிக் கோலம் போட்டுக்கினு ஒரு கெழவி இருந்தா. இன்னா வேணும்னாரு. வயசாயிடுச்சி சாமி, முன்ன மாதிரி கை வரலன்னா. எளசாக்கி வுட்டுட்டாரு. ராசா பாத்தான், கட்டிக்கினு பூட்டான். நாளாவ ஆவ ராசாவுக்கு நரைச்சிப் போச்சி, இவளுக்கு நரைக்கல. எனக்கும் அந்த மாதிரி பண்ணச் சொல்லுன்னு ஆழ்வாரு சிஷ்யன் கணிகண்ணனைக் கேட்டான். முடியாதுன்னான் அவன். ஊரை வுட்டுப் போடான்னுட்டான் பல்லவ ராசா.”

சீடன் கிளம்பினான். ஆழ்வாரும் கிளம்பினார். திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார், அவரும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூவரும் அந்த ஒரு ராத்திரி தங்கிய இடம் எங்கள் ஓரிக்கை. காஞ்சிபுரம் இருண்டு போக, அரசன் ஓடி வந்து காலில் விழுந்தான். மறுநாள் எல்லாரும் திரும்பினார்கள். சொன்னதைக் கேட்டுப் போய் வந்ததற்கு அடையாளமாக இடது வலது மாறிப் படுத்த பெருமாளைச் சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்கிறார்கள். தை மகத்தை ஒட்டி ஓரிக்கைக்கு எழுந்தருளிப் போகிற உற்சவம் இன்றும் உண்டு.

கதை முடிந்ததும் ஆயா தன் தீர்ப்பைச் சொல்வாள். “எல்லாம் அந்தக் கெழவியால வந்தது. அவளுக்குப் புத்தி இல்ல. எளசாயி இன்னா கண்டா? அரமனைக்குள்ள போயி ஒக்காந்துட்டா. கெழவியாவே இருந்திருந்தா நாலு ஊரு பாத்திருப்பா. ஔவைக்குத்தான் வெவரம் தெரியும்.”

இளமையில் ஆயாவைத் தெருமுனை தாண்டி அனுப்பியவர்கள் இல்லை. தண்ணீருக்குப் போனாலும் கூட ஒருத்தி போக வேண்டும். வயசும் வெள்ளைச் சேலையும் வந்த பிறகுதான், இனி இவளுக்கு என்ன ஆகப் போகிறது என்று தனியே விட்டார்கள். அவர்கள் அவளைக் கழித்து வைத்த இடத்திலிருந்துதான் அவள் ரோட்டுக்கு வழி கண்டுபிடித்தாள். இதை அவள் வருத்தத்தோடு சொல்லி நான் கேட்டதில்லை. பெருமாள் தங்கிய கணக்கையும் தன் கணக்காக எடுத்துக்கொண்டாள். பெண் கொடுத்த வீட்டில் ஒரு ராத்திரி, அதற்கு மேல் இல்லை. “சாமியே ஒரு ராத்திரிதான் தங்குச்சி. ரெண்டாம் நாள் தங்கினா பாக்க வந்தவ இல்ல, இருக்க வந்தவ.”

சித்தப்பா வீட்டில் மட்டும் இரண்டு நாள் தங்குவாள், மகன் வீடு என்பதால். தறியை நம்பாமல் பட்டணம் போய்ப் பின்னி மில்லில் சேர்ந்தவர் சித்தப்பா. மாதம் பிறந்தால் சம்பளம், சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்பது எங்கள் வீட்டில் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. அந்த மில்லும் 1996-ல் மூடிவிட்டது. பாரிமுனையில் இறங்கி ஆயா பெரம்பூருக்கு டவுன் பஸ் பிடிப்பாள். 1972-ல் அந்தப் பஸ்களுக்குப் பல்லவன் என்று பெயர் வந்தது. “அந்தப் பல்லவன் ஊர விட்டுத் தொரத்துனான், இந்தப் பல்லவன் ஊட்டு வாசல்ல கொண்டாந்து வுடுறான்” என்பாள்.

அவள் கூட்டத்தோடு கூட்டமாகப் பட்டணம் போனது ஒரு தடவைதான். 1969 பிப்ரவரி 3, அண்ணா போன அன்று. எங்கள் ஊர்ப் பிள்ளை, நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தறிகளெல்லாம் தாமாகவே நின்றன. லாரி பிடித்து, கிடைத்ததில் ஏறித் தெருவே கிளம்பியது. விடியற்காலையில் யார் முகத்தில் யார் விழித்தார்கள் என்று அன்று ஒருவரும் பார்க்கவில்லை. எதிர் வீட்டுக்காரர்தான் ஆயாவுக்குக் கை கொடுத்து லாரியில் ஏற்றிவிட்டார். சகுனம் பார்ப்பது மூடத்தனம் என்று அண்ணாவின் கட்சி மேடை மேடையாகப் பேசியதை எங்கள் தெரு கைதட்டித்தான் கேட்டது. வாசலில் மட்டும் அது வந்து சேரவில்லை. அந்த ஒரு நாள் வந்தது. அடுத்த வாரம் ஆயா மறுபடி இருட்டோடு முதல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

1979-ல் அத்தி வரதர் எழுந்தருளினார். நாற்பது வருடத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வருகிறவர். முந்தைய தடவையான 1939-ல் ஆயா புதுப்பெண்ணாக, தாத்தாவுக்கு இரண்டடி பின்னால் நடந்து போய்ச் சேவித்தவள். இந்தத் தடவை ஆரணியும் பெரம்பூரும் எங்கள் வீட்டில்தான். இரண்டு தறிக்கும் நடுவே பாய் விரித்து, பாவுக்கு அடியில் குழந்தைகளைப் படுக்க வைத்தோம். அண்டாவில் சோறு வடித்தார்கள். எல்லாரும் போய்ச் சேவித்து, சாப்பிட்டு, சிரித்து, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். வீடு காலியானதும் ஆயா திண்ணையில் உட்கார்ந்து சொன்னாள்: “எல்லாரும் வந்தாங்க. ஒருத்தரயும் பாக்க முடியல.” சில நாளில் கூடையை எடுத்துக்கொண்டு ஆரணிக்குக் கிளம்பிவிட்டாள். “இப்பதானே அத்தை வந்துட்டுப் போனாங்க?” என்றாள் அம்மா. “அவ வந்தா. அவ வூட்ட நான் பாக்கலியே.”

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆயா ஓரிக்கையிலேயே போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு ஆரணிக்கும் எங்களுக்கும் சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. போக்குவரத்து நின்றுவிட்டது, அவ்வளவுதான். தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்தது, பிறகு வீட்டுக்குப் போன், பிறகு ஆளுக்கொரு செல். “நல்லா இருக்கியா?” “நல்லா இருக்கேன்.” உள்நாட்டுக் கடிதத்தில் இருந்த அதே இரண்டு வரிதான், இப்போது குரலில். அத்தை வீட்டில் தறியை விற்றது எங்களுக்கு ஒரு கல்யாணப் பந்தியில், அதுவும் மூன்றாம் மனிதர் வாயால், விற்று ஒரு வருடம் கழித்துத் தெரிந்தது.

எங்கள் தறிகளும் போயின. குழிகளை மூடி சிமெண்ட் போட்டு, அதன்மேல் அண்ணன் சோபா வாங்கிப் போட்டிருக்கிறார். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தொழிற்சாலை ஓட ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு கம்பெனியாக வந்தன. ஆயா நடந்த அதே இருட்டு நேரத்தில் இன்று கம்பெனி பஸ்கள் வந்து நின்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. 2011-ல் பாலாற்றங்கரையில் மகா பெரியவர் மணிமண்டபத்துக்குக் குடமுழுக்கு நடந்த பிறகு ஓரிக்கைக்கு வெளியூர்ப் பஸ்கள் வருகின்றன. தெருவில் பாவு நீட்டுவதைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. கைம்பெண் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்புகிறவரும் இன்று குறைவு. அது போனதில் எனக்கு ஒரு ஏக்கமும் இல்லை.

போவதற்குத் தடையும் இப்போது இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் காசே கிடையாது. காஞ்சிபுரத்தில் காலை நேரத்து டவுன் பஸ்ஸைப் பாருங்கள், கூடையும் பையுமாகக் கிழவிகள் கூட்டம். சுருக்குப் பையில் சில்லறையை எண்ணி எண்ணி வைத்திருந்த ஆயா இருந்திருந்தால், பஸ்ஸை விட்டு இறங்கியே இருக்க மாட்டாள். ரயிலில் 58 வயதான பெண்களுக்கு இருந்த பாதிக் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், இன்னும் திருப்பித் தரவில்லை. அதற்காக யாரும் பயணத்தை விட்டதாகவும் தெரியவில்லை. இன்றைய ஆயாக்கள் கடல் கடந்தே தனியாகப் போகிறார்கள். மீனம்பாக்கத்தில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கி உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கால் நன்றாகத்தான் இருக்கும். தோஹாவிலோ பிராங்க்பர்ட்டிலோ விமானம் மாறும்போது மொழி தெரியாமல் திண்டாடாமல் இருக்க அது ஒரு வழி. “அம்மா தனியாக வருகிறார், அதே விமானத்தில் யாராவது இருக்கிறீர்களா?” என்று பிள்ளைகள் வாட்ஸப்பில் துணை தேடுகிறார்கள். மூன்று பேரிடம் கேட்டு ஏறிய ஆயாவின் வித்தைதான் இது. ஆனால் அவர்கள் போவது பிரசவத்துக்கு, போனால் ஆறு மாதம். கார் ஓட்டத் தெரியாமல், கடைக்கு நடக்க முடியாமல், மகள் வேலை முடிந்து வரும்வரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயா சொன்ன கணக்கில் அது இருக்கப் போவது, பார்க்கப் போவது இல்லை.

எனக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. மகன் கோயம்புத்தூரில், மகள் பெங்களூரில். இரண்டு ஊருமே ஒரு பகல் பயணம். போக ஆசை வந்தால் முதலில் போன் செய்கிறேன். மகள் நாள் பார்த்துச் சொல்கிறாள். நான் போகும் நாளில் வீடு துடைத்திருக்கிறது, குளிர்ப்பெட்டி நிறைந்திருக்கிறது, மருமகன் விடுப்பு எடுத்திருக்கிறார். மரியாதைதான், அன்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் அரிசிப் பானை எனக்குக் கண்ணில் படுவதே இல்லை. போய் வந்த பிறகும் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், “நல்லா இருக்காங்க” என்பதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

2019-ல் அத்தி வரதர் மறுபடி வந்தார். நாற்பத்தெட்டு நாளில் ஒரு கோடிக்கும் மேல் மக்கள் காஞ்சிபுரத்துக்கு வந்து போனார்கள் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் விடாமல் வந்தார்கள். ஆரணி வந்தது, பெரம்பூர் வந்தது, பெங்களூர் வந்தது. அமெரிக்காவிலிருந்துகூட ஒருத்தி டிக்கெட் போட்டு வந்தாள். அடுத்தது 2059. அதற்கும் வந்துவிடுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இடையில் இருக்கிற நாற்பது வருடத்துப் புதன்கிழமைகளுக்குத்தான் ஆளில்லை.